‘ஒத்துழைப்பு இல்லை’ என்று மூடவிருந்த கோப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதுவதற்கு முன்

இதில் வரும் இரண்டு பேரிடமும், அதாவது சேவை பெற்ற தாயிடமும் சேவை அளித்த பணியாளரிடமும், அனுமதி கேட்டு வாங்கிய பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையையும் பேசிய பேச்சையும் மாற்றவில்லை. இந்த நிகழ்வில் நான் மேற்பார்வையாளர். கோப்புகளை மூடலாமா, தொடரலாமா என்று இறுதியாகப் பார்ப்பது என் வேலை.

பின்னணி

எங்களுடையது குடும்ப ஆதரவுச் சேவை. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வராதபோது பள்ளி அந்தக் குடும்பத்தை எங்களிடம் அனுப்பும். ஒரு சமூகப் பணியாளர் சில மாதங்கள் பெற்றோரைத் தொடர்ந்து சந்திப்பார். பெற்றோருக்கான குழு வகுப்பு ஒன்றும் உண்டு. கட்டணம் கிடையாது. வருவது பெற்றோர் விருப்பம் என்று எங்கள் விதி சொல்கிறது. ஆனால் பள்ளி சொல்லி வந்தவர் யாரும் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

அந்தத் தாய்க்கு முப்பதுகளின் நடு வயது. கணவர் உடன் இல்லை. ஒன்பது வயதில் ஒரு மகன், நான்கு வயதில் ஒரு மகள். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அலுவலகக் கட்டடங்களை இரவில் சுத்தம் செய்யும் வேலை. எத்தனை மணி நேரம் வேலையோ அத்தனைக்குத்தான் கூலி. மறுநாள் எந்தக் கட்டடம், எத்தனை மணி வரை என்பது முந்தைய நாள் மாலையில்தான் தெரியும். மகன் வாரத்துக்கு இரண்டு நாள் போலப் பள்ளிக்குப் போகாமல் இருந்தான்.

பணியாளருக்கு இருபதுகளின் கடைசி. சமூகப் பணியில் முதுகலை படித்தவர், பெற்றோர் இருவரும் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்கள். பொறுமைசாலி. எங்களிடம் வரும் குடும்பங்கள் எழுதித்தரும் கருத்துப் படிவங்களில் அவரைப் பற்றிக் குறை வந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சேவை செய்கிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே வர்க்க இடைவெளி என்றதும், முகம் சுளித்துக் குரல் உயர்த்தும் ஒரு ஆளைத்தான் நாம் தேடுகிறோம். இந்தக் கோப்பில் அப்படி ஒருவரும் இல்லை. எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது.

முதல் மூன்று மாதங்கள்

சந்திப்புகள் காலை பத்து மணிக்கு என்று வைக்கப்பட்டன. தாய் சரி என்றார். முதல் சந்திப்புக்கு வந்தார். அடுத்ததற்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கு அரை மணி தாமதமாக வந்து, தூக்கம் சொக்கும் கண்களோடு உட்கார்ந்திருந்தார் என்று கோப்பு சொல்கிறது. என்ன கேட்டாலும் “ஆமா மேடம்”, என்ன சொன்னாலும் “செஞ்சிடறேன் மேடம்”. பணியாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறை பார்த்தால் எதுவும் நடந்திருக்காது.

குழு வகுப்புக்கு ஒரே ஒரு தடவை வந்தார். அன்றைய தலைப்பு, இரவில் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் பழக்கம். இரவு வேலைக்குப் போகிறவர் அந்த வட்டத்தில் என்ன பேசியிருக்க முடியும்? வாய் திறக்கவில்லை. ‘குழுவில் பங்கேற்பு குறைவு’ என்று பதிவாகியிருக்கிறது.

பிறகு ஒரு அட்டவணை கொடுக்கப்பட்டது. மகன் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பள்ளிக்குக் கிளம்பிய நேரம் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் எழுத வேண்டும். அந்தத் தாளை நான் பார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். தூங்கிய நேரம் எல்லா நாளும் ஒன்பது மணி. விடுமுறை நாட்களிலும் மகன் சரியாக எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பியிருந்தான். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். ‘நேர்மையாகப் பதிவு செய்வதில்லை’ என்று பணியாளர் குறித்துவைத்தார்.

மூன்றாவது மாதம் பணியாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். அவருடைய அக்கா மகனுடைய பள்ளிப் பையும் காலணியும் அதிகம் உபயோகிக்காமல் கிடந்தன. அவற்றைச் சுத்தம் செய்து கொண்டுவந்து அந்தத் தாயிடம் கொடுத்தார். தாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு வரவே இல்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

மாதக் கடைசியில், ‘ஊக்கம் குறைவு, ஒத்துழைப்பு இல்லை, கோப்பை மூடப் பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கோப்பு என் மேசைக்கு வந்தது. நாங்கள் கோப்பை மூடினால் ஒரு கடிதம் பள்ளிக்குப் போகும். ஒத்துழைக்காத பெற்றோர் என்று அந்தக் கடிதம் சொன்னால், குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் சொல்வதுதான் பள்ளியின் அடுத்த படி. கோப்பில் எழுதும் ஒரு வரி அவ்வளவு தூரம் போகும்.

பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்பு

அதே வாரம் அதே பணியாளரின் இன்னொரு கோப்பும் வழக்கமான பார்வைக்காக என்னிடம் இருந்தது. ஒரு நிறுவனத்தில் மேலாளராக இருக்கும் தந்தை. பள்ளிக்குப் போக மறுக்கும் மகள். அவர் தவறவிட்ட சந்திப்புகளை எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அந்தத் தாய் தவறவிட்ட அளவுதான். ஆனால் பதிவு இப்படி இருந்தது: ‘வேலைப்பளு காரணமாக வர இயலவில்லை. மின்னஞ்சலில் தெரிவித்தார். மாலை நேரத் தொலைபேசிச் சந்திப்பு வழங்கப்பட்டது.’ அவருக்கும் அதே அட்டவணை கொடுக்கப்பட்டிருந்தது. பாதிதான் நிரப்பியிருந்தார். அதற்கு எதிரே, ‘நேரமின்மை. ஆனால் பேச்சில் நல்ல புரிதல் தெரிகிறது’ என்று இருந்தது.

இரண்டு கோப்புகளையும் பணியாளர் முன்னால் விரித்து வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நிதானமாகப் படித்தார். பிறகு கேட்டார்: “அவர் காரணம் சொன்னார். இவங்க காரணமே சொல்லலையே?”

அது நியாயமான கேள்வி. வர்க்கப் பாகுபாடு என்று ஒரு வார்த்தையைப் போட்டு அதை ஒதுக்கியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அந்தத் தந்தை உண்மையிலேயே காரணம் சொன்னார். மின்னஞ்சல் அனுப்ப அவருக்கு மேசையும் நேரமும் இருந்தன. ‘கூட்டம் இருக்கிறது’ என்று சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டுவார் என்ற அனுபவமும் இருந்தது. தாய்க்கு இருந்த அனுபவம் வேறு. அவருடைய வேலையிடத்தில் காரணம் சொன்னால் அது சாக்குப்போக்கு. சொல்லாமல் இருந்தால் வெறும் விடுப்பு. அதனால் சொல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பழகியிருந்தார்.

ஒருவர் தவறும்போது அவருடைய சூழலை விட்டுவிட்டு அவருடைய குணத்தைக் காரணமாகச் சொல்லும் மனப்போக்கைச் சமூக உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் விவரித்தார். எல்லோரிடமும் இருக்கும் போக்குதான் அது. ஆனால் நம்மைப் போலவே வாழ்கிறவர் என்றால் அவருடைய சூழல் நமக்குச் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. பணியாளருக்குக் கூட்டம் என்றால் என்னவென்று தெரியும். முந்தைய நாள் மாலையில் தெரியவரும் ஷிப்ட் என்னவென்று தெரியாது. தெரியாத இடத்தில் குணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

இது எங்கள் ஒரு இடத்துக் கதையும் இல்லை. ஹாலிங்ஸ்ஹெட்டும் ரெட்லிக்கும் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் செய்த ஆய்வு 1958-இல் வெளிவந்தது. வசதியுள்ள மனநோயாளிகளுக்குப் பேச்சு சிகிச்சையும், அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு அடைத்துவைத்துப் பராமரிப்பதும் அதிகமாகக் கிடைத்ததை அது காட்டியது. ஹெதர் குகல்மாஸ் நியூயார்க்கில் 320 உளசிகிச்சையாளர்களுக்குக் குரல்வழிச் செய்திகள் அனுப்பிச் செய்த ஆய்வு 2016-இல் வந்தது. அழைத்தவர்கள் எல்லோருக்கும் காப்பீடு ஒன்றுதான். ஆனால் பேச்சிலேயே உழைக்கும் வர்க்கம் என்று தெரிந்தவர்களுக்குச் சந்திப்பு நேரம் கிடைப்பது நடுத்தர வர்க்கத்தாரைவிடக் குறைவாக இருந்தது. அந்தச் சிகிச்சையாளர்களும் மரியாதையானவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

தாய் சொன்னது

கோப்பை மூடும் முன் அவரிடம் ஒரு தடவை பேசுவது என்று முடிவானது. இந்த முறை நேரத்தை நாங்கள் சொல்லவில்லை. எப்போது முடியும் என்று குறுஞ்செய்தியில் கேட்டோம். பதில் அன்றே வந்தது. மாலை, வேலைக்குக் கிளம்பும் முன். பணியாளரும் நானும் இருந்தோம்.

முதல் பத்து நிமிஷம் பழைய “ஆமா மேடம்”தான். பிறகு பணியாளர் நேரடியாகச் சொன்னார்: “நீங்க இங்க சொல்றதுல எதை நான் மேல சொல்லணும், எதைச் சொல்ல வேண்டியதில்லைன்னு உங்ககிட்ட நான் விளக்கவே இல்லை. முதல்ல அதைச் சொல்லிடறேன்.” விளக்கினார். பிள்ளைக்கு உடனடி ஆபத்து, காயம், துன்புறுத்தல் ஆகியவற்றை நாங்கள் மறைக்க முடியாது. வாடகை பாக்கி, கடன், வீட்டில் யார் தங்குகிறார்கள் என்பதெல்லாம் எங்களோடு நிற்கும். தாய் ஒரு கேள்வி கேட்டார்: “அப்போ சின்னவளைப் பெரியவன் பாத்துக்கிறது எதுல வரும்?”

மூன்று மாதமாகக் கோப்பில் இல்லாதது அந்தக் கேள்வியில் இருந்தது. இரவில் பிள்ளைகளோடு தாயின் சித்தி படுத்துக்கொள்வார். விடியற்காலையில் அவரும் தன் வேலைக்குக் கிளம்பிவிடுவார். தாய் ஷிப்ட் முடிந்து காலையில் வந்துவிட்டால் மகன் பள்ளிக்குப் போவான். ஷிப்ட் மதியம் வரை நீண்டால், தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருப்பான். நீளும் ஷிப்டை மறுத்தால் அடுத்த வாரம் வேலையே குறையும். மகனுடைய பள்ளி வருகைப் பதிவும் தாயின் ஷிப்ட் விவரமும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பொருந்தின. தூங்கும் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. காலை பத்து மணி என்பது அவருக்கு நடுநிசி. வேலை முடிந்து வந்து கண்ணயரும் நேரம். எங்கள் அலுவலகத்திலிருந்து அழைத்தால் அவருடைய கைபேசியில் எண் தெரியாது. கடன் வசூலிப்பவர்களும் அப்படித்தான் அழைப்பார்கள் என்பதால் எண் தெரியாத அழைப்பை எடுப்பதில்லை. திரும்ப அழைக்கலாம் என்றால் பல நாள் கைபேசியில் காசு இருக்காது. பயணச் செலவை நாங்கள் திருப்பித் தருவது அவருக்குத் தெரியும். ஆனால் பயணச்சீட்டைப் படிவத்தோடு கொடுத்தால் மாதக் கடைசியில்தான் பணம் கைக்கு வரும். முதலில் போட அவரிடம் பணம் வேண்டுமே.

அட்டவணையைப் பற்றிப் பணியாளர் தயங்கித்தான் கேட்டார். “வர்ற வழியில பஸ்ஸுல உக்காந்து எழுதினேன் மேடம். வெறுந்தாளாக் குடுத்தா மோசமான அம்மான்னு எழுதிடுவீங்கன்னு பயம்.”

அந்தப் பை? தாய் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “நல்ல மனசோட குடுத்தீங்க. பையன் அதைத்தான் கொண்டுபோறான். ஆனா அதை வாங்கினதுக்கு அப்புறம் உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல. நீங்க சொன்னது எதையும் நான் செய்யல. எந்த மூஞ்சியோட வர்றது?”

இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் கற்றுத்தந்த பதில் இதுதான். தாராளமாகக் கொடுப்பது இடைவெளியைக் குறைக்கும் என்று நம் துறையில் பலரும் நினைக்கிறார்கள். கொடுக்கும் கை எப்போதும் ஒரே பக்கம் இருந்தால், வாங்குகிறவருக்கு ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை போய்விடுகிறது. ‘இல்லை’ சொல்ல முடியாதவர் ‘ஆமாம்’ சொல்லிக்கொண்டிருப்பார், அல்லது வராமல் இருந்துவிடுவார். அவர் இரண்டையும் செய்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி பாதுகாப்பு. ஒன்பது வயதுப் பையன் நான்கு வயதுத் தங்கையைச் சில மணி நேரம் தனியே பார்த்துக்கொள்வதைத் தெரிந்துகொண்டோம். அதைத் துறைக்குச் சொல்ல வேண்டுமா? குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் குழந்தைப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவரிடம் கேட்டேன். உடனடி ஆபத்து இல்லை, ஆனால் அப்படியே விடவும் முடியாது என்பதே அவருடைய கருத்தும். அந்த மணி நேரங்களில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுத்தில் ஒரு ஏற்பாடு செய்தோம். தாயும் கையெழுத்திட்டார். புகார் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதைக் கோப்பில் விரிவாக எழுதிவைத்தோம்.

அடுத்தது பணியாளரை மாற்றுவதா என்பது. ஆலோசனைக் கூட்டத்தில் இதற்கு ஆதரவு இருந்தது. வறுமையில் வளர்ந்து படித்து மேலே வந்த ஒரு சக ஊழியர் எங்களிடம் இருந்தார். அவருக்கு இந்தத் தாயைப் புரியும் என்றார்கள். அவரே அந்தக் கூட்டத்தில் பேசினார்: “நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எங்க அம்மா எவ்வளவு கஷ்டத்திலும் ஒரு நாள்கூட என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்ததில்லை.” அதைக் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. ஏறி வந்த படியை அளவுகோலாக வைத்திருக்கிறவர் சில சமயம் அந்தப் படியைப் பார்த்திராதவரைவிடக் கடுமையாக இருப்பார். எப்போதும் அப்படி என்று சொல்லமாட்டேன். அவர் பல குடும்பங்களோடு அருமையாக வேலை செய்தவர். ஆனால் பிறந்த சூழல் ஒத்துப்போனால் உறவு தானாக அமைந்துவிடும் என்பது கணக்கில் வராத நம்பிக்கை. தாயிடமும் கேட்டோம். “இவங்களே இருக்கட்டும். இவங்க திட்டமாட்டாங்க” என்றார். சரி, மாற்றவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொரு கருத்தும் வந்தது: இப்படிப்பட்டவர்களுக்குத் திட்டமிடத் தெரியாது, அதைத்தான் நாம் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு நான் எடுத்துவைத்தது மணி, முல்லைநாதன், ஷாஃபிர், ஜாவ் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே விவசாயியின் சிந்தனைத் திறன் குறைவாக இருந்தது. காசு வந்த பிறகு கூடியது. இந்த ஆய்வைப் பற்றியும் இது சார்ந்த மற்ற ஆய்வுகளைப் பற்றியும் பின்னால் விவாதங்கள் வந்தன. எல்லா முடிவுகளும் மறுபரிசோதனையில் நிற்கவில்லை. ஆனாலும் ஆள் அதே ஆள், நெருக்கடிதான் மாறுகிறதோ என்ற கேள்வியைக் கேட்கப் போதுமானது அது. இந்தத் தாய் இரண்டு ஷிப்ட், ஒரு சித்தி, இரண்டு பிள்ளைகள் என்று தினமும் மாலையில் மறுநாளைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். திட்டமிடுதல் வகுப்பை அவர் எங்களுக்கு எடுத்திருக்கலாம்.

மூன்றாவது முடிவு இலக்கு சம்பந்தப்பட்டது. உதவி செய்கிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே வேலைக்கான கூட்டு எதில் நிற்கிறது என்பதை எட்வர்ட் போர்டின் 1979-இல் மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் ஒப்புதல், செய்யும் பணிகளில் ஒப்புதல், மனப் பிணைப்பு. நாங்கள் மூன்று மாதமாக மூன்றாவதில் மட்டும் கவனமாக இருந்தோம். அன்பாகப் பேசினோம், அன்பளிப்பு கொடுத்தோம். இலக்கு எங்களுடையது, பணியும் எங்களுடையது. அதனால் அட்டவணையையும் குழு வகுப்பையும் விட்டுவிட்டோம். “உங்களுக்கு முதல்ல எது நடந்தா நல்லா இருக்கும்?” என்று கேட்டதற்கு அவர் யோசிக்கக்கூட இல்லை. மகளுக்குக் காலை நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு இடம். ஷிப்டை இரண்டு நாள் முன்னால் சொல்லும்படி ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம்.

மீதி நடைமுறை. மாய்னிஹன், ஹெர்ட், ஹார்வி மூவரும் 2015-இல் எழுதிய கட்டுரை, அரசுச் சேவையைப் பெறுவதற்கு மக்கள் கொடுக்கும் விலையை மூன்று வகையாகப் பார்க்கிறது. தெரிந்துகொள்ள ஆகும் செலவு, விதிகளுக்கு இணங்க ஆகும் செலவு, மனத்துக்கு ஆகும் செலவு. எங்கள் ‘இலவச’ச் சேவைக்கு இந்தத் தாய் ஒவ்வொரு சந்திப்புக்கும் என்ன கொடுத்தார் என்று எழுதிப் பார்த்தோம். தூக்கம், பயணக் காசு, சில நாள் கூலி, அதற்கு மேல் ‘மோசமான அம்மா’ என்ற பயம். அதைக் குறைக்கச் சந்திப்பு மாலைக்கு மாறியது. பாதி தொலைபேசியில், அவருடைய வேலை இடைவேளையில், பதினைந்து நிமிஷம். எண் தெரியும்படி அழைப்பது. அழைக்கும் முன் குறுஞ்செய்தி. பயணக் காசு முன்கூட்டியே கையில்.

பொருளுதவி இனிமேல் பணியாளர் கையிலிருந்து போகாது என்றும் முடிவானது. பொதுவான ஒரு அறை; வேண்டியவர் வேண்டியதைக் குறித்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்; யார் கொடுத்தது என்று தெரியாது. பணியாளருக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

கோப்பு மொழியைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். ‘ஒத்துழைப்பு இல்லை’ என்ற சொல்லையே தடை செய்யலாம் என்றார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சொல்லைத் தடுத்தால் அதே வேலையைச் செய்ய இன்னொன்று வந்துவிடும். அதற்குப் பதில், அப்படி எழுதும் முன் கொடுத்த நேரம் அவருக்குச் சாத்தியமா, செய்தி போய்ச் சேர்ந்ததா, வந்துபோக என்ன ஆகும் என்பதை எழுத வேண்டும். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதலாம். அந்த ‘தெரியவில்லை’க்கு எங்கள் படிவத்தில் இதற்கு முன் இடமே இருக்கவில்லை.

பிறகு நடந்தவை

காப்பகத்தில் இடம் கிடைக்கப் பல வாரம் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டு ஏற்பாடு பெரும்பாலும் தாங்கியது. ஒப்பந்தக்காரர் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. பணியாளர் தொலைபேசியில் விடாமல் கேட்ட பிறகு, நீளும் ஷிப்டுகளை மட்டும் ஒரு நாள் கூடுதலாக முன்னால் சொல்ல ஒப்புக்கொண்டார். இது சின்ன வெற்றிதான்.

மகனின் வராத நாட்கள் வாரத்துக்கு இரண்டிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தன. காப்பகம் விடுமுறையில் மூடிய நாட்களில் மறுபடியும் ஏறின. பள்ளியோடு பேசி, அந்த நாட்களை முன்கூட்டியே தெரிவிப்பது என்று ஏற்பாடானது.

உறவில் நடந்த மாற்றத்தை எதில் பார்த்தோம் என்றால், அவர் மறுக்கத் தொடங்கியதில். ஐந்தாவது மாதம் பணியாளர் மகனுக்கு மாலை நேரப் பாட உதவி ஒன்றைச் சொன்னார். “அது வேணாம் மேடம். அந்த நேரத்துலதான் நான் பிள்ளைங்க மூஞ்சியைப் பாக்குறேன்” என்றார் தாய். பணியாளர் அதைக் கோப்பில் அப்படியே எழுதியிருந்தார். அதற்கடுத்த வாரம்தான் வாடகை பாக்கி விவரம் வெளியே வந்தது. அதற்கும் ஒரு வழி தேட முடிந்தது.

எல்லாமே சரியாகிவிடவில்லை. நாங்கள் அவருடைய வீட்டுக்கு வருவதற்குக் கடைசி வரை தாய் சம்மதிக்கவில்லை. பணியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி சொல்லியும் ‘மேடம்’ மாறவில்லை. பணியாளரும் பிறகு வற்புறுத்துவதை விட்டுவிட்டார். ஏழாவது மாதம் கோப்பு மூடப்பட்டது. பள்ளிக்குப் போன கடிதத்தைத் தாய் முதலில் படித்துப் பார்த்து, ஒரு வரியைத் திருத்தச் சொன்னார். திருத்தினோம்.

அந்த மேலாளர் தந்தையின் கோப்பையும் நாங்கள் மறுபடி திறந்து பார்த்தோம். ‘நல்ல புரிதல் தெரிகிறது’ என்பதற்கு ஆதாரம் அவர் நன்றாகப் பேசுகிறார் என்பது மட்டும்தான். மகளோடு பணியாளர் தனியாக ஒரு தடவையும் பேசியிருக்கவில்லை. தந்தை தேவையில்லை என்று சொல்லியிருந்தார், பணியாளரும் விட்டுவிட்டார். ஏழையைச் சந்தேகிப்பதும் வசதியானவரை நம்பிவிடுவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டாவதில் அடிபடுவது அந்த வீட்டுப் பிள்ளை. மகளோடு பேச நேரம் கேட்டபோது தந்தைக்கு அது பிடிக்கவில்லை. பணியாளர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் விஷயம் வேறு திசையில் போனது; இங்கே அது வேண்டாம்.

இதற்கு ஆன விலையையும் சொல்ல வேண்டும். மாலைச் சந்திப்புகளைப் பணியாளர் தன் சொந்த நேரத்தில் செய்தார். அவரும் ஒப்பந்த ஊழியர்தான். வீட்டுப் பின்புலம் அவரைத் தாங்கியதால் செய்ய முடிந்தது. அது இல்லாத சக ஊழியர்கள் இரண்டு பேர், எங்களால் இது முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. சேவை பெறுகிறவரின் பொருளாதார நிலையைப் பற்றிப் பேசும்போது சேவை செய்கிறவரின் சம்பளச் சீட்டை மறந்துவிடுகிறோம்.

இனி மாற்ற வேண்டியவை

முதல் சந்திப்புப் படிவத்தில் கல்வித் தகுதியைக் கேட்கும் இடத்தை எடுத்துவிட்டு, வேலை நேரம் எப்படி, எப்போது தெரியவரும் என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். எதை வெளியே சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்ற விளக்கம் இப்போது முதல் ஐந்து நிமிஷத்திலேயே வருகிறது. இதைச் சொன்னால் மக்கள் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள் என்று எதிர்ப்பு இருந்தது. இதுவரை எங்களிடம் வந்தவர்கள், நாங்கள் இதைச் சொல்லாமல் இருந்தபோதுதான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மூடப் பரிந்துரைத்து வரும் கோப்புகளில், வருமானம் அதிகமுள்ள ஒருவரின் கோப்பையும் குறைவான ஒருவரின் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். படிக்கிறவர் அந்தக் கோப்புகளை எழுதாதவராக இருக்க வேண்டும். முதல் சில மாதங்களில் பணியாளர்களுக்கு இது விசாரணை போல இருந்தது. என்னுடைய பழைய பதிவுகளையும் அதில் சேர்த்துப் படிக்கக் கொடுத்த பிறகு கொஞ்சம் இலகுவானது.

முன்கூட்டியே பயணக் காசு கொடுப்பது சோதனை அளவில் ஓடுகிறது. கணக்குப் பிரிவு இன்னும் சீட்டு கேட்கிறது. மாலை நேரத்துக்குத் தனி ஊதியம் கேட்டு அனுப்பிய கோரிக்கைக்கு அனுமதி வரவில்லை. அது வரும் வரை, மாலைச் சந்திப்பு வேண்டிய குடும்பங்களில் யாருக்கு அது கிடைக்கும் என்பது அவர்களுக்கு எந்தப் பணியாளர் வாய்க்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கும்.